கீழ்க்கணக்குக்குக் கீழே ஒரு கணக்கு

எங்கள் தோட்டத்தில் மூன்று கணக்கு. மேற்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு. மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்றுதான் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவு தனி, கணக்கப்பிள்ளை தனி, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம் தனி. நாங்கள் இருந்தது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்க்கணக்கில், பள்ளத்தை ஒட்டிய கடைசி லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்.

மழைக்காலத்து இரவுகளில் அந்த லயத்தின் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். வெளியே போய்ப் பார்த்தால் ஓடை எதுவும் இருக்காது. பாயில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும். சில நேரம் தண்ணீர் மாதிரி இருக்கும், சில நேரம் நிறையப் பேர் ஒன்றாக மெதுவாகப் பேசுவது மாதிரி இருக்கும். நான் பயந்தால் அம்மாயி, அம்மாவின் அம்மா, சொல்வார்:

"ஒண்ணுமில்ல ஆத்தா. நமக்குக் கீழயும் ஒரு கணக்கு இருக்கு. அங்க பிரட்டுக் கூப்பிடுறாங்க. நீ தூங்கு."

அங்கே துரை யார், அங்கேயும் கொழுந்து இருக்குமா, இருட்டில் எப்படி எடுப்பார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எதற்கும் பதில் வராது. அவங்களுக்கு நம்மைத் தெரியுமா என்று கேட்ட ஒரு நாள் மட்டும் சொன்னார்: "தெரியாமயா? நம்ம பேரெல்லாம் அவங்ககிட்டதான் எழுதியிருக்கு."

மூன்று வருடமாக நான் ஒரு மாயப்புனைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைக்குள் வாழும் ஓர் இனம். நம்மைவிட நூற்றாண்டுகள் முன்னே போன அறிவு, நம் கண்ணில் படாத வாழ்க்கை, மனிதர்களைப் பற்றி யாருக்கும் சொல்லாத ஒரு திட்டம். அவர்களுக்கு நான் வைத்த பெயர் கீழ்க்கணக்கார். பதின்மூன்று அத்தியாயம் முடிந்திருக்கிறது. பதினான்காவதற்கு வந்து நின்றபோது, இந்த மாதிரிக் கதை எங்கிருந்து வருகிறது, என் கையில் அது என்ன செய்யப்போகிறது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த யோசனைதான் இது.

முதலில் எழுதிய வடிவில் கீழ்க்கணக்கார் படையெடுத்து வந்தார்கள். ஒளிக்கதிர், பறக்கும் ஊர்தி, எல்லாம் இருந்தது. எழுதி முடித்து வாசித்தால் உயிரே இல்லை. அவ்வளவு முன்னேறியவர்கள் எதற்காகச் சண்டை போட வேண்டும்? சண்டை போடாமலே வேலை நடக்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்காதா?

விடை கிடைத்தது ஒரு கவ்வாத்து மலையில். தேயிலை உண்மையில் மரம். விட்டுவிட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தி. சில வருடத்துக்கு ஒரு தடவை மொத்த மலையையும் குச்சியாக வெட்டிவிடுவார்கள். பார்த்தால் எரிந்துபோன இடம் மாதிரி இருக்கும். சில மாதத்தில் குச்சி முழுக்கத் துளிர். செடியைக் கொல்வது நோக்கமில்லை. அது சாகக் கூடாது, உயரவும் கூடாது, துளிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். அந்த மலையில் நின்றபோது என் கீழ்க்கணக்காரின் திட்டம் முழுதாகப் புரிந்தது. அவர்கள் மனிதர்களை அழிக்க நினைக்கவில்லை. சில தலைமுறைக்கு ஒரு தடவை, நாம் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டும்போது, கவ்வாத்துப் போடுகிறார்கள். பஞ்சமோ காய்ச்சலோ கலவரமோ வருகிறது. அப்புறம் நாம் துளிர்க்கிறோம்.

தமிழில் "அவன் கணக்குப் போடுறான்" என்றால் கூட்டிக் கழிக்கிறான் என்றும் அர்த்தம், உள்ளுக்குள் திட்டம் போடுகிறான் என்றும் அர்த்தம். என் கதைக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அவர்களின் தொழில்நுட்பத்தை எங்கே இருந்து எடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அப்பா ஸ்டோரில் வேலை செய்தார். தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ஸ்டோர். கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கம் அவருக்கு வேலை. சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டு போனால் வாசலில் நின்று பார்க்கலாம். ஒரு பெரிய வட்ட மேசை, அதன்மேல் பிறை மாதிரி வளைந்த பித்தளைக் கட்டைகள். மேலே கொழுந்து நிரப்பிய உருளை. அது சுற்றச் சுற்ற, உள்ளங்கையில் இலையை வைத்துக் கசக்குகிற அதே அசைவில், ஒரு மலையின் கொழுந்து முழுவதும் கசங்கும். பச்சை வாசம் மெல்ல மாறி ஏதோ பழ வாசம் மாதிரி ஆகும். பித்தளையில் வழியும் சாறு காய்ந்து கறுப்பாகும். அப்பாவின் கைரேகையிலும் அதே கறுப்பு இருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அப்பால் உலர்த்தும் மெசினில் ஓர் இரும்புத் தகடு. அதில் இருந்த எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகிய நாளில் 'பெல்ஃபாஸ்ட்' என்று வந்தது. சிரோக்கோ என்ற பெயரில் தேயிலை உலர்த்தும் மெசின்கள் அந்த ஊரிலிருந்துதான் உலகமெல்லாம் போயின என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எனக்கு வேற்றுலகத்து முத்திரை.

ஸ்டோருக்கு வெளியே ரோதமுனி. ரோதை என்றால் எங்கள் பேச்சில் பெரிய சக்கரம். அந்தக் காலத்தில் தண்ணீரில் சுற்றிய சக்கரம் முதல் பிற்பாடு வந்த எஞ்சின் வரை எல்லாம் ரோதைதான். அதற்குள் குடியிருக்கும் முனி அவர். எங்கள் ஸ்டோரில் ஒரு கல், ஒரு சூலம், குத்திய எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் கோயில். அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் மெசின் கையைக் கேட்கும் என்பார்கள். மாரியம்மனும் முனியாண்டியும் எங்கள் ஆட்களோடு கடல் தாண்டி வந்தார்கள். ரோதமுனியை யாரும் கொண்டு வரவில்லை. அவர் இந்த மலையில், மெசினோடு சேர்ந்து பிறந்தவர்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. எங்கோ இருக்கும் ஒரு கூட்டம், தனக்கு மட்டும் புரிகிற எழுத்தை ஒட்டி, ஒரு யந்திரத்தைக் கொண்டு வந்து மலையில் வைக்கிறது. அதற்குத் தீனி போட நம்மை நிற்க வைக்கிறது. நம் ஆட்கள் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, உடைக்கவும் போகவில்லை. அதற்கு ஒரு முகம் கொடுத்தார்கள். முகம் வந்துவிட்டால் அதனோடு பேசலாம், நேர்த்தி வைக்கலாம், "இவ்வளவு செஞ்சும் எங்க பிள்ளை கையைக் கேட்டுட்டியே" என்று ஏசலாம். நான் வாசித்த மாயக்கதைகளில் மேம்பட்ட இனத்தின் யந்திரத்துக்கு முன்னால் நிற்கும் மனிதர்கள் இப்படிச் செய்து பார்த்ததில்லை. என் கதையில் செய்கிறார்கள். மலையில் திறக்கும் இரும்புக் கதவுக்கு எலுமிச்சம்பழம் குத்துகிறார்கள். கீழே இருப்பவர்களின் பேரேட்டில் அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு கிளாக்கர் திணறுவதில்தான் அவர்களின் திட்டம் முதல் தடவை பிசகுகிறது.

சரி, இந்த வகைக் கதையின் வேருக்கு வருகிறேன். தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு குடும்பக் கதை.

1871இல் லண்டனில் எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு நாவல் வந்தது. தலைப்பை 'வரப்போகும் இனம்' என்று தமிழில் சொல்லலாம். சுரங்கம் ஒன்றுக்குள் இறங்கும் ஒருவன், பூமிக்கடியில் வாழும் வ்ரில்-யா என்ற இனத்திடம் போய்ச் சேர்கிறான். வ்ரில் என்ற சக்தி அவர்கள் கையில் இருக்கிறது. நோயைத் தீர்க்கவும் ஊரையே சாம்பலாக்கவும் அது போதும். சிறகு கட்டிப் பறக்கிறார்கள். அவர்களிடம் போர் இல்லை, வறுமை இல்லை, சத்தம் போட்டுப் பேசுவதுகூட இல்லை. வந்தவனை அன்பாகவே நடத்துகிறார்கள், அவர்களுக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை என்பதால். என்றாவது அவர்கள் மேலே வருவார்கள், வந்தால் மனித இனம் முடிந்தது என்று அவன் எச்சரிப்பதோடு கதை முடிகிறது. இன்றைக்குப் பூமிக்கடியில் ஒளிந்திருக்கும் அறிவாளி இனம் என்று யார் எழுதினாலும் அந்தப் புத்தகத்தின் நிழல் அதில் கொஞ்சமாவது விழுந்திருக்கும். போவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாற்றின் பெயரில்கூட அந்த வ்ரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எழுதியவர் எட்வர்ட் புல்வர் லிட்டன். அவர் எழுத்தாளர் மட்டுமில்லை. 1858 நடுவிலிருந்து 1859 நடுவரை பிரித்தானியாவின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். இலங்கை அந்த அலுவலகத்தின் கீழ்தான் இருந்தது. அப்போது இங்கே தேயிலை இல்லை, கோப்பி. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல்தான். கோப்பிக் காலத்தில்தான் எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். அந்த நடையின் ஒரு வருடத்துக் காகிதங்கள் அவர் அமைச்சின் ஊடாகப் போயிருக்கும்.

அவருடைய மகன் ராபர்ட் லிட்டன். 1876இல் இந்தியாவின் வைஸ்ராயாக வந்தவர். அந்த வருடம் என்ன வருடம் என்று தமிழ்நாட்டில் பாட்டிமார் இருக்கும் எந்த வீட்டிலும் கேட்கலாம்: தாது வருஷம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாணம் பட்டினியில் கிடந்தபோது 1877 ஜனவரி 1ஆம் திகதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்க தர்பார் நடந்தது. தானியக் கப்பல்கள் வெளியே போய்க்கொண்டே இருந்தன. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு றாத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். 'டெம்பிள் கூலி' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பல லட்சம் பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் ஏராளமானோர் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் குடும்பமும் "பஞ்சத்துல வந்தவங்க" என்றே சொல்லிக்கொள்ளும். திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரை அம்மாயி கடைசிவரை மறக்கவில்லை.

தகப்பனார் புல்வர் லிட்டன் பூமிக்கடியில் வாழும் ஓர் இனத்தைக் கற்பனை செய்தார். மகன் காலத்துப் பஞ்சம் என் ஆட்களை இந்த மலைக்குத் துரத்தியது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புல்வர் லிட்டனின் பயம் பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அது சத்தியமான பயம். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கதவடைத்த அறையில், மரியாதையான பேச்சோடு ஓர் இனம் இன்னோர் இனத்தை எப்படி எண்ணும், எப்படி வேண்டாம் என்று விடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு நம்மை யாராவது அப்படி எண்ணினால் என்ற நினைப்பில்தான் வ்ரில்-யா பிறந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் எண்ணப்பட்டவர்கள் பக்கம் இருந்து அந்தக் கதையை அவரால் எழுத முடியாது. அது நம் பக்கம் இருப்பவர்கள் எழுத வேண்டியது.

இதைவிடப் பழைய கதை ஒன்று இந்தத் தீவுக்குள்ளேயே இருக்கிறது. மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கும்போது இங்கே இருப்பவர்கள் இயக்கர்கள். அவர்கள் மனிதக் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படிக் கொல்வது என்று விஜயன் கேட்கிறான். இயக்கர் பெண்ணான குவேனி வழி சொல்கிறாள்: அவர்கள் இருக்கும் இடத்தில் நான் குரல் கொடுப்பேன், அந்தக் குரல் வரும் திசையில் வெட்டு. தன் இனத்தையே காட்டிக்கொடுத்தவளை அவன் பிறகு கைவிடுகிறான். அவள் தன் ஆட்களிடம் திரும்பிப் போய் அவர்கள் கையால் சாகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகள் தப்பி ஓடி வந்து சேர்வது மலய நாட்டுக்கு. அதாவது இந்த மலைக்கு.

அயர்லாந்துக் கதைகளிலும் இப்படித்தான். தோற்றுப்போன பழைய இனத்துக்கு நிலத்தின் அடிப்பாதி, வென்றவர்களுக்கு மேல்பாதி என்று பிரித்துக்கொண்டார்களாம். அதிலிருந்து மேலே இருப்பவர்களுக்கு ஒரே பயம்: கீழே இருப்பவர்கள் இரவில் வந்து தொட்டில் பிள்ளையை மாற்றிவிடுவார்கள். ஆக, மலைக்குள் இருப்பவர்களைப் பற்றி இரண்டு விதமான பயம் உண்டு. நாம் துரத்தியவர்கள் ஒரு நாள் திரும்பி வருவார்கள் என்பது ஒன்று. நம்மை எண்ணுகிறவர்கள் நமக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ என்பது இன்னொன்று. முதலாவது வென்றவர்களுடையது. அம்மாயியுடையது இரண்டாவது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அம்மாவிடம் சும்மா கேட்டேன், அம்மாயி அந்தக் கீழ்க்கணக்குக் கதையை உங்களுக்கும் சின்ன வயதில் சொன்னாரா என்று. இல்லை என்றார். அம்மாயி அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியதே 1983க்கு அப்புறம்தானாம்.

தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த அந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை சிலர் லயத்துக்கு வந்திருக்கிறார்கள். தெரிந்த முகமும் இருந்தது, தெரியாத முகமும் இருந்தது. தரைக்கடியில் என்னவோ புதைத்து வைத்திருக்கிறீர்களாமே, எல்லாம் இந்தியாவிலிருந்து வந்ததாமே என்று கேட்டிருக்கிறார்கள். அடுப்படியில் மண்வெட்டியால் தோண்டியிருக்கிறார்கள். சாணி போட்டு மெழுகிய தரை. அம்மா இஸ்தோப்பில், முன் திண்ணையில், நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வயது பத்தொன்பது. இரண்டடி போனதும் தண்ணீர் ஊறத் தொடங்கியது. இன்னும் தோண்டினார்கள், இன்னும் தண்ணீர். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்புறம் போய்விட்டார்கள். குழியை மூடி மெழுகியது அம்மாயி. எத்தனை தடவை மெழுகினாலும் அந்த இடம் மட்டும் ஈரமாகவே இருந்தது. எனக்கும் நினைவிருக்கிறது, அடுப்புக்கு இடது பக்கம், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த ஈரம்.

இதைக் கேட்ட பிறகுதான், நான் எழுதும் கதையில் என் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வி தலைகீழானது. மலைக்குள் ஒளிந்திருக்கும், வெளியாருக்குப் புரியாத, ஏதோ திட்டம் வைத்திருக்கும் இனம் என்று இந்த நாட்டில் நம்பப்பட்டவர்கள் நாங்கள்தான். 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியதன் பின்னாலும் அந்தப் பயம் இருந்தது: இவர்கள் பெருகிவிடுவார்கள், மலைநாட்டை எடுத்துக்கொள்வார்கள். 1960களின் இறுதியில் மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பு 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. தோட்டத்துக் கூலிக்காரர்கள் அதில் அந்த விஸ்தரிப்பின் கருவியாகப் பேசப்பட்டார்கள். பத்தடிக் காம்பரா அறையில், மறுநாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுமோ என்ற கவலையில் தூங்கிய ஆட்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

கணக்கோ, அது எங்கள் கையில் இருந்ததே இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 லட்சம் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்த 9 லட்சத்து 75 ஆயிரத்தில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டு என்று வந்தபோது அண்ணன் அங்கே, தங்கை இங்கே. அம்மாயியின் இரண்டு தங்கைகள் அப்படிப் போனவர்கள். "நம்ம பேரெல்லாம் அவங்ககிட்டதான் எழுதியிருக்கு" என்று அவர் சொன்னதன் பாரம் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நம்பப்பட்ட கதை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டுக் குழி ஒன்றே போதும். ஆனாலும் இன்னும் இரண்டு சொல்கிறேன், எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாதவை. 1945 மார்ச் மாதம் 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ரிச்சர்ட் ஷேவர் என்பவரின் பெயரில் லெமூரியாவை வைத்து ஒரு கதை வந்தது. குகைகளுக்குள் வாழும் கெட்டுப்போன இனம், பழைய யந்திரங்களின் கதிர்களால் மேலே இருக்கும் மனிதர்களைத் துன்புறுத்துகிறது. பத்திரிகை அதை உண்மை என்றே முன்வைத்தது. எங்களுக்கும் அந்தக் குரல் கேட்கிறது என்று வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. நம் குமரிக்கண்டப் பேச்சில் வரும் அதே லெமூரியா. அங்கே அது கடிதங்களோடு நின்றது.

இங்கே நிற்கவில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. ரகசியத் திட்டம், ரகசிய மருந்து, ரகசியத் தொழில்நுட்பம். அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. ஒரு வாரத்துக்குள், மார்ச் தொடக்கத்தில், கண்டிக்குப் பக்கத்தில் திகனையும் தெல்தெனியாவும் எரிந்தன. கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள். 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை. நான் அப்போது ஹட்டனில் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண்ணொருத்தி தன் போனை நீட்டி "இது உண்மையா அக்கா?" என்று கேட்டாள். போனில் இருந்த எழுத்தின் நடை எனக்கு நன்றாகத் தெரிந்த நடை. மாயக்கதையின் முதல் அத்தியாயம் அப்படித்தான் தொடங்கும்.

அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கீழ்க்கணக்காரின் முகத்தில், சாப்பாட்டில், சாமியில், பேச்சில் பக்கத்து வீட்டுக்காரர் யாருடைய சாயலும் வரக் கூடாது. அதைவிட முக்கியமாக, அந்தத் திட்டம் அவர்கள் எல்லோருடைய ரத்தத்திலும் ஊறியதாக இருக்கக் கூடாது. ஓர் இனம் முழுதும் சேர்ந்து சதி செய்வதில்லை. சதி ஓர் ஆபீசில் நடக்கும். அதற்கு மேசை இருக்கும், பேரேடு இருக்கும், கையெழுத்துப் போடுகிறவர் இருப்பார், கையெழுத்துப் போட மனம் வராமல் பேனாவை வைத்துக்கொண்டிருப்பவரும் இருப்பார். மிச்சமுள்ள ஆட்கள் பிள்ளைக்குச் சளி பிடித்ததைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலை மேலே இருப்பவர்களை எப்படித் தொடும் என்பதற்கும் நான் எங்கேயும் போய்க் கற்பனை தேட வேண்டியிருக்கவில்லை. 2014 இறுதியில் உமா ஓயா நீர்மின் திட்டத்துச் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. மலைக்குள் யந்திரம் குடைந்துகொண்டு போனது. மேலே பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. பத்திரிகைப் படங்களில் மக்கள் வெறுங்கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2024 ஏப்ரலில் மின்நிலையம் திறக்கப்பட்டது, 120 மெகாவாட், அதுவும் மலைக்குள்ளேயே. அந்த மின்சாரம் தேவைதான். என் மனதில் நிற்பது வெறுங்கிணறு. ஒரு வீட்டில் காலையில் வாளியை இறக்கியபோது தண்ணீர் இல்லை, காரணம் காலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில், அந்த வீட்டுக்காரர் பார்த்தே இராத வரைபடத்தில் இருக்கிறது. என் கதையின் ஏழாவது அத்தியாயம் அப்படித்தான் தொடங்குகிறது, ஒரு வாளியின் சத்தத்தோடு.

பதின்மூன்று அத்தியாயத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அத்தியாயம். இடையில் ஒன்றும் பேசமாட்டார். எல்லாம் முடிந்ததும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"அவனுகளுக்குச் சம்பள நாள் எப்ப?"

எனக்குப் புரியவில்லை.

"அவ்ளோ மெசின் ஓடுதுங்கிற. அப்ப யாரோ வேலை செய்றான்ல. ராத்திரி முறை இருக்கும். கை போன ஆள் இருப்பான். அவனுக்கு என்ன குடுக்குறாங்க? கிளாக்கர் ஆபீஸ்லயே குந்தியிருந்தா ஸ்டோர் ஓடிருமா?"

மூன்று வருடம் நான் யோசித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை. கீழ்க்கணக்காரின் மேலிடத்தை எழுதியிருந்தேன், யந்திரத்தை எழுதியிருந்தேன், பேரேட்டைக்கூட எழுதியிருந்தேன். அங்கே வேலைக்குப் போய் வருகிற ஒருத்தரையும் எழுதவில்லை. நமக்குக் கீழே ஒரு கணக்கு இருந்தால், அதற்குக் கீழேயும் ஒரு கணக்கு இருக்கும்.

பதினான்காவது அத்தியாயம் சம்பள நாள். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே வரிசை. உள்ளே மேசை, பேரேடு, அடுக்கிய காசு. பெயர் கூப்பிட்டால் தகப்பன் பெயரையோ புருஷன் பெயரையோ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள் என்றார் அப்பா. அவர் காலத்தில் எங்கள் கணக்கில் மட்டும் நாலு மாரியாயி.

என் கதையில் வரும் கிளாக்கர் ஒரு சின்னப் பெண். மேலே இருக்கும் மனிதர்களின் பேரேட்டை எழுதுவது அவள் வேலை. அடுத்த கவ்வாத்துக்கு வெட்ட வேண்டிய பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓர் இடத்தில் 'மாரியாயி' என்று இருக்கிறது, பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. மேலே அந்தப் பெயரில் நாலு பேர். எந்த மாரியாயி என்று மேலிடத்தில் கேட்கிறாள், யாராக இருந்தால் என்ன என்று பதில் வருகிறது. சம்பள ஜன்னலில் தன் பெயருக்குக் காத்து நின்ற தன் அம்மாவின் நினைவு அவளுக்கு வருகிறது. பேனாவை வைத்துவிட்டு எழும்புகிறாள். ராத்திரி முறைக்காரர்கள் அவளுக்குப் படி காட்டுகிறார்கள். ஈர மண்ணைக் கையால் தள்ளித் தள்ளி ஏறி, ஓர் அடுப்புக்கு இடது பக்கம், சாக்கை விலக்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டுகிறாள்.

அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிழவி திரும்பிப் பார்க்கிறார்.

"நீங்க எந்த மாரியாயி?" என்று அந்தப் பெண் கேட்கிறாள்.